ஏலியன கேக்காதீங்க, ஃபைல கேளுங்க

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு இணைப்புல அமெரிக்காவுல "யூஎஃப்ஓ (என்னன்னு தெரியாத பறக்கும் பொருள்) ரகசியத்த வெளியிடு"ன்னு ஜனங்க கேக்குறத பத்தி அரைப்பக்கம் போட்டிருந்தீங்க, நல்லது, ஆனா பச்சை மண்டை படமும் தலைப்புல மூணு கேள்விக்குறியும் போட்டு கடைசில "ஏலியன் இருக்கா இல்லையா, நீங்களே முடிவு பண்ணுங்க"ன்னு முடிச்சிட்டீங்க. படிச்சு முடிச்சதும் அவங்க என்னதான் கேக்குறாங்கன்னே புரியல. அத பத்தி எழுதணும்னுதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமாத்தான் வரும், வெட்டி போட்டாலும் பரவால்ல.

முதல்லயே சொல்லிடுறேன், ஏலியன் பூமிக்கு வந்துச்சுன்னு நம்புற ஆளு இல்ல நான். இவ்ளோ பெரிய பிரபஞ்சத்துல எங்கயோ உயிர் இருக்கலாம், அது வேற விஷயம். ஆனா ரகசியத்த வெளியிடுன்னு கேக்குறவங்கள மொத்தமா கிறுக்கன்னு ஒதுக்குறது எனக்கு சரியா படல, ஏன்னா கவர்மெண்ட் பொய் சொல்லுதுன்னு அவங்க சொன்னது ரெண்டு மூணு பெரிய விஷயத்துல அப்படியே உண்மை. என்ன பொய்ங்கறதுலதான் அவங்க கணக்கு தப்பிடுச்சு.

ராஸ்வெல்ல எடுத்துக்கோங்க. 1947 ஜூலை 8ம் தேதி நியூ மெக்ஸிகோவுல ராஸ்வெல் விமானப்படை தளம், ஒரு பண்ணைக்காரர் நிலத்துல கிடந்த சிதறல்கள எடுத்துட்டு "பறக்கும் தட்டு கைக்கு வந்துடுச்சு"ன்னு அவங்களே பத்திரிகைக்கு அறிக்கை குடுத்தாங்க, யாரோ கிளப்பிவிட்ட வதந்தி இல்ல, ராணுவமே குடுத்த அறிக்கை. அது வந்து சில மணி நேரத்துல ஃபோர்ட் வொர்த்துல இருந்த ஜெனரல் ரேமி, இல்லல்ல அது வானிலை பலூன்தான்னு சொல்லிட்டார். அதுக்கு முன்னாடி ரெண்டு வாரம் முந்தி, ஜூன் 24ம் தேதி, கென்னத் ஆர்னால்டுன்னு ஒரு பைலட் மவுண்ட் ரெய்னியர் பக்கம் ஒன்பது பொருள் வேகமா பறந்துச்சுன்னு சொல்லி அந்த "பறக்கும் தட்டு"ங்கற பேரே அப்பத்தான் ஊரெல்லாம் பரவி இருந்துச்சு, அந்த சூட்டுல இது வந்ததால ஜனங்க வானிலை பலூன் கதைய ஏத்துக்கல.

ஏத்துக்காதது சரிதான், ஏன்னா அது வானிலை பலூனும் இல்ல. 1990களோட ஆரம்பத்துல நியூ மெக்ஸிகோ எம்.பி. ஸ்டீவன் ஷிஃப், ராஸ்வெல் சம்பந்தமான ஆவணமெல்லாம் எங்க இருக்குன்னு காங்கிரஸோட தணிக்கை அமைப்ப விட்டு தேட சொன்னார் (காங்கிரஸ்னா நம்ம ஊரு கட்சி இல்ல, அவங்க நாடாளுமன்றம்). அந்த நெருக்கடில 1994ல விமானப்படையே ஒரு அறிக்கை விட்டுச்சு, அது "மோகல்"ங்கற ரகசிய திட்டத்தோட பலூன் வரிசையா இருக்கணும்னு. சோவியத் அணுகுண்டு வெடிச்சா அந்த சத்தம் மேல் வளிமண்டலத்துல ரொம்ப தூரம் போகும், அத கேக்க மைக்கை பலூன்ல கட்டி மேல அனுப்பி இருக்காங்க. 1947ல அத வெளிய சொல்ல முடியாது, அதனால வானிலை பலூன்னு சொல்லிட்டாங்க. அடுத்த வருஷம் வந்த தணிக்கை அறிக்கைல இன்னொரு விஷயம் இருந்துச்சு, ராஸ்வெல் தளத்துல இருந்து அந்த காலத்துல வெளிய போன தகவல்களோட பதிவு எல்லாம் அழிக்கப்பட்டு இருக்கு, யாரு உத்தரவுல அழிச்சாங்கன்னு பதிவே இல்ல. ஏலியன மறைக்கத்தான் அழிச்சாங்கன்னு நான் சொல்லல. ஆனா கவர்மெண்ட் ஆபீஸ்ல ஃபைல் காணாம போனா என்னெல்லாம் சந்தேகம் வரும்னு நம்ம ஆளுங்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

யூ-2 கதை இதவிட சுவாரசியம். 1955ல அந்த உளவு விமானத்த பறக்க விட்டாங்க, அது 60,000 அடிக்கு மேல போகும், அப்ப பயணிகள் விமானம் எல்லாம் 10,000 லேந்து 20,000 அடில தான் பறந்துட்டு இருந்துச்சு, அவ்ளோ உயரத்துல ஒரு விமானம் பறக்கும்னு யாருக்கும் தெரியாது. சாயங்காலம் கீழ இருட்டிடும், பயணிகள் விமான பைலட்டுக்கு சூரியன் மறைஞ்சிடும், ஆனா மேல யூ-2 மேல மட்டும் வெயில் பட்டு அது வெள்ளியா ஜொலிக்கும். பைலட்டுங்க எல்லாம் யூஎஃப்ஓ பாத்தேன்னு ரிப்போர்ட் குடுத்தாங்க. விமானப்படைல அப்ப "ப்ளூ புக்"னு ஒரு பிரிவு இந்த புகாரெல்லாம் விசாரிச்சுட்டு இருந்துச்சு, அவங்க உளவு அமைப்பான சிஐஏ கிட்ட யூ-2 பறந்த நேரத்த கேட்டு ஒப்பிட்டு பாத்து, ஓ இது நம்ம விமானம்னு தெரிஞ்சிக்கிட்டு, புகார் குடுத்தவருக்கு மட்டும் வேற ஏதாவது இயற்கை காரணம் சொல்லி அனுப்புனாங்க. 1950களோட கடைசிலயும் 60களிலயும் வந்த யூஎஃப்ஓ புகார்ல பாதிக்கு மேல எங்க உளவு விமானங்கதான்னு சிஐஏவோட வரலாற்று கட்டுரை 1997ல சொல்லுச்சு. அந்த பாதிங்கற கணக்க சில ஆராய்ச்சியாளருங்க ஒத்துக்கல, அது கிடக்கட்டும். நெருப்பில்லாம புகையுமான்னு கேப்பாங்கல்ல, நெருப்பு இருந்துச்சு, அது யூ-2 எஞ்சின் நெருப்பு!

ப்ளூ புக் 1969ல மூடுற வரைக்கும் மொத்தம் 12,618 புகார், அதுல 701 மட்டும் என்னன்னு கண்டுபிடிக்க முடியலன்னு விட்டுட்டாங்க. உங்க கட்டுரைல இந்த 701ஐ "701 வேற்றுகிரக விமானங்கள்"ங்கற மாதிரி எழுதி இருந்தீங்க, அது தப்புங்க. கண்டுபிடிக்க முடியலன்னா கண்டுபிடிக்க முடியல, அவ்ளோதான். 

இப்ப நடக்குற கூத்துக்கு வரேன். 2017 டிசம்பர்ல நியூயார்க் டைம்ஸ் ஒரு செய்தி போட்டுச்சு, பென்டகன்ல (அமெரிக்க ராணுவ தலைமையகம்) 2.2 கோடி டாலர் செலவுல யூஎஃப்ஓ ஆராயுற ஒரு திட்டம் சத்தமில்லாம நடந்திருக்குன்னு, செனட்டர் ஹாரி ரீட் கேட்டு வாங்குன காசு. கூடவே கடற்படை விமானத்துல எடுத்த வீடியோவும் வந்துச்சு. 2004 நவம்பர்ல கலிஃபோர்னியா கடல்ல நிமிட்ஸ் கப்பல் குழு பயிற்சில இருந்தப்ப கமாண்டர் டேவிட் ஃப்ரேவர் பாத்த அந்த வெள்ளை மாத்திரை மாதிரி பொருள், றெக்கை கிடையாது, புகை கிடையாது, சட்டுனு காணாம போச்சுன்னு அவர் சொல்றார். அவர் கூட வேற விமானத்துல போன பைலட்டும் பாத்திருக்காங்க, பிரின்ஸ்டன்ங்கற கப்பலோட ராடாரும் பல நாளா என்னத்தையோ புடிச்சிட்டு இருந்துச்சுன்னு சொல்றாங்க. எனக்கு இந்த கேஸ்ல மட்டும் இன்னிக்கும் மனசு ஒரு பக்கம் சாயல, ஏன்னா வீடியோ மங்கலா இருக்கு, ராடார் பதிவு வெளியவே வரல. ஃப்ரேவர் சொல்றது சரியா தப்பான்னு பாக்க அந்த ராடார் பதிவு ஒண்ணு போதும். ஏலியன் இருக்குன்னு ஒத்துக்கோன்னு கத்துறதவிட அந்த ஒரு டேப்ப குடுன்னு கேக்குறதுதான் எனக்கு பெரிய கேள்வியா தெரியுது.

ஏன்னா இன்னொரு வீடியோ, "கோ ஃபாஸ்ட்"னு பேரு, அதுல ஒரு வெள்ளை புள்ளி கடல் மேல பறக்குற வேகத்த பாத்து எல்லாரும் வாய பொளந்தாங்க. அந்த வீடியோ ஸ்கிரீன்லயே தூரம், கோணம், விமானத்தோட உயரம் எல்லாம் எண்ணா ஓடிட்டு இருந்துச்சு. நாசா போட்ட குழு 2023ல அத வெச்சு கணக்கு போட்டு பாத்தா, பொருள் கடலை ஒட்டி இல்ல, சுமார் 13,000 அடி உயரத்துல இருக்கு, வேகம் மணிக்கு 40 மைல் சொச்சம், காத்துல போற பலூன் கூட அந்த வேகம் போகும். படம் எடுத்த விமானம் வேகமா போனதால அது ஓடுற மாதிரி தெரிஞ்சிருக்கு. டேட்டா இருந்ததால ஒரு மர்மம் தீந்துச்சு, மத்த வீடியோவுக்கும் இப்படி முழு டேட்டா குடுத்தா பாதி சண்டை அடங்கிடும்.

குடுக்க மாட்டேங்கறாங்க. மீதி வீடியோ எல்லாத்தையும் குடுங்கன்னு அமெரிக்க தகவல் உரிமை சட்டத்துல கேட்டதுக்கு 2022ல கடற்படை குடுத்த பதில் என்னன்னா, இருக்கு, ஆனா குடுத்தா நம்ம ராணுவத்தோட திறமையும் பலவீனமும் எதிரிக்கு தெரிஞ்சிடும்னு. நம்ம ஊர்ல ஆர்டிஐ போட்டு பழகுனவங்களுக்கு இது நல்லா புரியும், "ஆவணம் இல்லை"ன்னு பதில் வந்தா ஒரு மாதிரி, "8(1)(அ) பிரிவின்படி தர இயலாது"ன்னு வந்தா ஒரு மாதிரி. ரெண்டாவது பதில் வந்தா ஃபைல் இருக்குன்னு அர்த்தம். ஆனா அதுல இருக்குற ரகசியம் வானத்துல பறந்த பொருள் இல்ல, அத படம் புடிச்ச கேமராவோட சக்திதான். எவ்ளோ தூரத்துல இருந்து எவ்ளோ தெளிவா எடுக்க முடியும்ங்கறத சீனாக்காரன் அந்த ஒரு வீடியோவ பாத்தே கணக்கு போட்டுருவான். இது நியாயமான காரணம்னே நான் ஒத்துக்கறேன், ஆனா 2004 கேமராவோட ரகசியத்த எத்தன வருஷம் காப்பாத்துவீங்க, அதுக்கு ஒரு வரம்பு வேணாமா.

அந்த வரம்பதான் 2023ல செனட்டர் சக் ஷூமரும் மைக் ரவுண்ட்ஸும் கொண்டு வந்தாங்க, ஒருத்தர் ஜனநாயக கட்சி இன்னொருத்தர் குடியரசு கட்சி, ரெண்டு கட்சியும் ஒண்ணா நிக்கறதே அங்க அதிசயம். கென்னடி கொலை ஆவணங்களுக்காக 1992ல போட்ட சட்டத்த அப்படியே மாதிரியா வெச்சு எழுதுனாங்க. யூஎஃப்ஓ சம்பந்தமான எல்லா ஃபைலும் தேசிய ஆவண காப்பகத்துக்கு வரணும், 9 பேர் கொண்ட ஒரு வாரியம் ஒவ்வொண்ணா பாக்கணும், 25 வருஷம் ஆன ஆவணம் ஜனாதிபதியே கையெழுத்து போட்டு தடுத்தாலொழிய வெளிய வரணும். உங்க கட்டுரைல இந்த மசோதா பத்தி ஒரு வரி கூட இல்ல, எனக்கு அதான் பெரிய வருத்தம், ஏன்னா இந்த எழுபது சொச்சம் வருஷ சத்தத்துல உருப்படியா எழுத்துல வந்த கோரிக்கை இதுதான். செனட்ங்கற மேல்சபைல பாஸாச்சு, அப்புறம் கீழ்சபையோட பேசி முடிக்கறப்ப வாரியத்தையே தூக்கிட்டாங்க. மிஞ்சுனது ஆவண காப்பகத்துல ஒரு தனி தொகுப்பு மட்டும். எத குடுக்கணும் எத குடுக்க வேணாம்னு முடிவு பண்ற வேலை திரும்ப அந்தந்த துறை கையிலயே போயிடுச்சு, அதாவது ஃபைல வெச்சிருக்கறவன் கையில.

அதே வருஷம் ஜூலை 26ம் தேதி டேவிட் க்ரஷ்னு ஒரு முன்னாள் உளவுத்துறை அதிகாரி காங்கிரஸ் குழு முன்னாடி சத்தியம் பண்ணி, விழுந்த வேற்றுலக விமானங்கள அரசாங்கம் பல வருஷமா எடுத்து வெச்சிருக்கு, மனிதர் அல்லாத உயிரோட மிச்சமும் இருக்குன்னு சொன்னது உலகம் பூரா ஓடுச்சு. உங்க கட்டுரைல பாதி இவரதான் பத்தி. ஆனா அவர் எதையும் தன் கண்ணால பாக்கல, நாற்பது பேருக்கு மேல விசாரிச்சதுல அவங்க சொன்னதுன்னுதான் சொன்னார், அத நீங்க கண்டிப்பா எழுதி இருக்கணும். 2024 மார்ச்ல பென்டகனோட ஆரோங்கற பிரிவு 1945ல இருந்து எல்லா திட்டத்தையும் பாத்துட்டு, வேற்றுகிரக தொழில்நுட்பத்துக்கு ஆதாரமே இல்ல, அதே கொஞ்ச பேர் ஒருத்தருக்கொருத்தர் சொல்லி சொல்லி சுத்துன கதைதான்னு சொல்லிட்டாங்க. 1947ல விழுந்த விமானத்தோட துண்டுன்னு பல வருஷமா சுத்திட்டு இருந்த ஒரு மெக்னீசியம் உலோகத்த ஓக் ரிட்ஜ் ஆய்வகத்துல குடுத்து சோதிச்சும் பாத்தாங்க, பூமில செஞ்சதுதான்னு வந்துச்சு.

இத நம்பலாமான்னு கேட்டா எனக்கு பெரும்பாலும் நம்பிக்கைதான், ஆனா சும்மா நம்ப சொல்ற தகுதி அவங்களுக்கு இல்லங்கறதும் உண்மை. 2025 ஜூன்ல வால் ஸ்ட்ரீட் ஜர்னல் எழுதுச்சு, 1980கள்ல ஒரு விமானப்படை கர்னல் ஏரியா 51ங்கற ரகசிய விமான சோதனை தளத்துக்கு பக்கத்துல இருந்த மதுக்கடை ஓனர் கிட்ட பறக்கும் தட்டு மாதிரி போலி போட்டோ குடுத்திருக்கார், ராடார்ல சுலபமா சிக்காத மாதிரி புதுசா செஞ்சிட்டு இருந்த ஸ்டெல்த் விமானத்த மறைக்க. ஆக ஏலியன் கதைய ஒரு காலத்துல கவர்மெண்டே ஊதி விட்டிருக்கு, இப்ப அதே கவர்மெண்ட் வந்து ஐயோ இந்த ஜனங்க இப்படி நம்புறாங்களேன்னு தலைல அடிச்சிக்குது. ஏரியா 51ங்கற பேரையே 2013ல தான் சிஐஏ ஆவணத்துல மறைக்காம குடுத்தாங்க, அதுவும் ஒரு ஆராய்ச்சியாளர் வருஷக்கணக்கா மனு போட்டு யூ-2 வரலாற்ற கேட்டதால.

இதுல இருந்து எனக்கு தெரியறது என்னன்னா, குறிப்பா ஒரு ஃபைல கேட்டவனுக்கு ஏதோ கிடைச்சிருக்கு, ஏலியன ஒத்துக்கோன்னு கேட்டவனுக்கு ஒண்ணும் கிடைக்கல. 2011ல வெள்ளை மாளிகை வெப்சைட்ல, வேற்றுகிரகவாசிங்க மனுசங்களோட தொடர்புல இருக்கறத முறைப்படி ஒத்துக்கணும்னு மனு போட்டு, 5,000 கையெழுத்துங்கற வரம்ப தாண்டுனாங்க. பதில் என்ன வந்துச்சு, அப்படி எந்த ஆதாரமும் எங்க கிட்ட இல்லன்னு ஒரு பக்கத்துல முடிச்சிட்டாங்க, முடிஞ்சது. இந்த பக்கம் பிரான்ஸ் பாருங்க, அவங்க விண்வெளி நிறுவனத்துலயே 1977ல இருந்து இதுக்கு ஒரு சின்ன பிரிவு இருக்கு, 2007ல 1,600 கேஸ் சொச்சத்த அப்படியே இணையத்துல போட ஆரம்பிச்சாங்க, யார் வேணா படிச்சுக்கோன்னு. பிரிட்டன் 2008ல இருந்து 2013க்குள்ள பாதுகாப்பு அமைச்சக ஃபைல எல்லாம் தேசிய காப்பகத்துல போட்டுட்டு நடுவுல 2009லயே யூஎஃப்ஓ புகார் வாங்குன டெஸ்க்கையும் மூடிட்டாங்க. ரெண்டு நாட்டுலயும் வானம் இடிஞ்சு விழல, யாரும் பயந்து தெருவுல ஓடல. ஜனங்க பயந்துருவாங்கன்னு சொல்றதெல்லாம் சாக்கு.

ரகசியத்த வெளியிடுன்னு கேக்குற இயக்கக்காரங்க மேலயும் எனக்கு கோவம் இருக்கு. ஆவணம் வந்து அதுல ஏலியன் இல்லன்னா, "பாத்தியா மறைக்கறான்"ங்கறாங்க. அப்ப எது வந்தா நீங்க சரின்னு சொல்வீங்க? அதுக்கு பதில் இல்ல அவங்க கிட்ட. கண்டிப்பா வெளிய வருது, இன்னும் ரெண்டே மாசம்னு சொல்லி யூடியூப்ல சந்தா வாங்கறவங்க, புஸ்தகம் விக்கறவங்க எல்லாம் அந்த கூட்டத்துலதான் இருக்காங்க, இவங்களுக்கு மர்மம் தீராம இருந்தாத்தான் பொழப்பு. வானத்துல ஏதோ பாத்தேன்னு சொன்னா வேலைக்கே ஆபத்துன்னு வாய மூடிட்டு இருந்த பைலட்டுங்கதான் நடுவுல மாட்டிக்கிட்டது. முன்னாள் கடற்படை பைலட் ரயன் க்ரேவ்ஸ் அதே 2023 விசாரணைல இததான் சொன்னார், இது விமான பாதுகாப்பு பிரச்சனை, புகார் சொல்ல ஒரு வழி குடுங்கன்னு. உங்க கட்டுரைல அவர் பேரே இல்ல, ஏலியன்னு சொல்லலல்ல, அதான்.

வேற்றுலக உயிர பத்தி வெளிப்படையா பேசறது எப்படி இருக்கும்னு பாக்கணும்னா 2025 ஏப்ரல்ல கே2-18பி கிரகத்துக்கு நடந்தத பாருங்க. 124 ஒளியாண்டு தூரம், கேம்பிரிட்ஜ்ல இருக்குற நிக்கு மதுசூதன் குழு, அங்க டைமெத்தில் சல்ஃபைடு வாயுவோட அறிகுறி தெரியுது, பூமில அது பெரும்பாலும் கடல் நுண்ணுயிர் விடுறதுன்னு சொன்னாங்க. கொஞ்ச வாரத்துலயே மத்த விஞ்ஞானிங்க அதே ஜேம்ஸ் வெப் விண்வெளி டெலஸ்கோப் டேட்டாவ எடுத்து கணக்கு போட்டு, இல்ல இது போதாதுன்னு கட்டுரை போட்டாங்க. சண்டை இன்னும் ஓயல. ஆனா யாரும் மறைக்கறாங்கன்னு சொல்லல, ஏன்னா டேட்டா எல்லார் கையிலயும் இருக்கு.

நம்ம நாட்டுக்கும் இதுல பங்கு இருக்கு. 2012, 13ல லடாக் எல்லைல நம்ம ராணுவம் பாங்காங் ஏரி பக்கம் 329 தடவை மர்ம ஒளி பாத்ததா பதிவு பண்ணுச்சு, சீனா விடுற ட்ரோனோன்னு சந்தேகம். கடைசில பெங்களூர்ல இருக்குற இந்திய வானியற்பியல் நிறுவனத்துக்காரங்கள கூப்பிட்டு பாக்க சொன்னாங்க (நம்ம வேலூர் பக்கம் காவலூர்ல டெலஸ்கோப் வெச்சிருக்கறது இவங்கதான்). அவங்க பாத்து சொன்னது வெள்ளி கிரகமும் வியாழனும்! சிரிக்க தோணும், ஆனா நான் அந்த ஜவான்கள பாராட்டுவேன், பாத்தத எழுதி வெச்சாங்க, ஆள கூப்பிட்டாங்க, விடை கிடைச்சுது, வெளியவும் வந்துச்சு.

2023 நவம்பர் 19ம் தேதி இம்பால் ஏர்போர்ட்ல நடந்ததுக்கு அந்த மாதிரி ஒரு முடிவ நான் எந்த தமிழ் பேப்பர்லயும் படிக்கல. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஓடுபாதை பக்கம் ஏதோ பறக்குதுன்னு சொல்லி சில மணி நேரம் விமானத்த எல்லாம் நிறுத்துனாங்க, வந்துட்டு இருந்தத வேற ஊருக்கு திருப்பி விட்டாங்க, விமானப்படை ரஃபேல் அனுப்பி தேடுச்சு, அந்த சின்ன பொருள் அப்புறம் தென்படலன்னு சொல்லிட்டாங்க. மணிப்பூர் இருந்த நெலமைல அது ட்ரோனா, யாரு விட்டதுங்கறது ஏலியனவிட சீரியஸான கேள்வி. நீங்களும் அன்னிக்கு "இம்பாலில் பறக்கும் தட்டு?"ன்னு போட்டீங்க, அதே நாள் கிரிக்கெட் உலகக்கோப்பை தோல்வியும் வந்ததால அப்படியே மறந்துட்டீங்க. உங்க டெல்லி நிருபர விட்டு விமான நிலைய ஆணையத்துக்கும் விமான போக்குவரத்து அமைச்சகத்துக்கும் ஒரு ஆர்டிஐ போட சொல்லுங்க: எத்தன மணிக்கு யாரு பாத்தது, ராடார்ல தெரிஞ்சுதா, விசாரணை அறிக்கை இருக்கா, இருந்தா அதோட நகல். ஏலியன்ங்கற வார்த்தையே அந்த மனுவுல வரவேணாம். பதில் எது வந்தாலும், தர இயலாதுன்னு வந்தாலும் கூட, அத அப்படியே போடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
கரூர்.